பூஞ்சணமும் களஞ்சியமும்: முள்ளந்தண்டுப் பங்கசு நோயின் வரலாறு குறித்துப் பளையிலிருந்து ஒரு நோக்கு

ஈழத்து வரலாற்றினை எழுதுவோர் 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் ஒரேயொரு பிரச்சினையைக் கொண்டே நினைவுகூர்வர். 2004 திசெம்பர் 26இல் நிகழ்ந்த கடற்கோளின் பின்னர் வந்து குவிந்த உதவிகளை வடக்குக் கிழக்கிலே யார் பங்கிடுவது என்பதே அப்பிரச்சினை. 2005 யூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. யூலை 15இல் உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடைக்குள்ளானவற்றுள் கிளிநொச்சியில் அமையவிருந்த பிராந்தியக் குழுவும் ஒன்று. இவை யாவரும் அறிந்தவை. ஆயின் அதே நாட்களில், யூன் 21இற்கும் யூலை 17இற்கும் இடையில், கொழும்பிலே மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைக்காக முதுகில் ஊசியேற்றி விறைக்கச் செய்யப்பட்ட தாய்மாருள் ஐவர் பங்கசினால் உண்டான மென்சவ்வழற்சிக்கு ஆளாயினர் என்பதும், அவருள் மூவர் மாண்டனர் என்பதும் மருத்துவ ஏடுகளுக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. உதவியை எங்ஙனம் பங்கிடுவது என்று நாடே வாதிட்ட அதே நான்கு வாரங்களில், உதவியை எங்ஙனம் களஞ்சியப்படுத்துவது என்ற வினாவுக்கு இவர்கள் தம் உயிரால் விடையளிக்க நேர்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் முதல் நோக்கம். முள்ளந்தண்டினைத் தாக்கும் பங்கசு நோயை இனங்காணும் முறையும் நீக்கும் முறையும் எவ்வாறு வளர்ந்தன என்பதை, பளை போன்றதோர் ஊரின் நிலையிலிருந்து விளக்குதல் இரண்டாவது.

பளையை ஏன் தெரிந்தோம் என்று வாசகர் வினவலாம். பச்சிலைப்பள்ளியின் நடுவூராகிய பளை, தென்னந்தோட்டங்களாலும் புகையிரத நிலையத்தாலும் ஒரு காலத்தில் அறியப்பட்டது. பின்னர் ஆனையிறவுப் போராலும் முகமாலைக் கண்ணிவெடி வயல்களாலும் அறியப்பட்டது. 2014 மார்ச்சு 4இல் வடபகுதிப் புகையிரதம் மீண்டும் பளைவரை வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சென்றடையும்வரை பளையே பாதையின் முடிவிடமாயிருந்தது. மருந்தும் அவ்வாறே. கொழும்பின் மத்திய களஞ்சியத்திற் புறப்படும் ஊசிக்குழாய் பிராந்தியக் களஞ்சியத்தில் தங்கி, அங்கிருந்து சிற்றூர் வைத்தியசாலையை வந்தடைகிறது. நீண்ட பாதையொன்றின் முடிவிடத்தில் இருப்போருக்கு, பாதையின் தொடக்கத்தில் உள்ள களஞ்சியத்தின் கூரை ஒழுகுகிறதா என்பது சிறிய வினாவன்று.

முதற்கண் நோயினை நோக்குவோம். பாடநூல்களிலே நாம் பங்கசு என வழங்குவதனை ஊர்மக்கள் பூஞ்சணம் என்பர். மழைக்காலத்திற் பாணிலும் பாயிலும் தோற்செருப்பிலும் படர்வது அதுவே. அவற்றுள் ஒன்றாகிய அஸ்பெர்ஜிலசுக்கு அப்பெயரை இட்டவர் 1729இல் இத்தாலியப் பாதிரியாரும் தாவரவியலாளருமான மிக்கேலி. நுணுக்குக்காட்டியில் அதன் தலை, தேவாலயத்திலே தீர்த்தம் தெளிக்கும் கருவியை ஒத்திருக்கக் கண்டு அவர் அப்பெயரைச் சூட்டினார். புனிதநீர் தெளிப்பானின் பெயர் பூண்ட இவ்வுயிரியின் வித்திகளை நாம் ஒவ்வொருவரும் நாடோறும் சுவாசிக்கின்றோம். உடலின் காப்பு அவற்றை அழித்துவிடுகின்றது. எனவே பங்கசு முள்ளந்தண்டை அடைவதற்கு வழக்கமல்லாத வழியொன்று வேண்டும். அவ்வழிகள் மூன்று எனலாம். நெடுநாள் நாளத்திற் செருகிய குழாய், நெடுங்கால நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, நீரிழிவு, எதிர்ப்பாற்றல் குன்றல் ஆகியவற்றினூடாகக் குருதியிற் புகுந்து முள்ளென்பிலே தங்குதல் முதலாவது. நுரையீரல் முதலாய அயலுறுப்பிலிருந்து படர்தல் இரண்டாவது. மருத்துவரின் ஊசியே அதனை நேராக உள்ளே கொண்டு சேர்த்தல் மூன்றாவது. 1898இல் கீல் நகரிலே ஓகஸ்ற் பியர் முள்ளந்தண்டில் விறைப்பு மருந்தேற்றும் முறையைத் தொடக்கிவைத்தபோது மனிதகுலத்தின் வேதனை பெரிதும் குறைந்தது. கூடவே, உடலின் மிகக் காவலுள்ள அறைக்கு ஒரு வாயிலும் திறக்கப்பட்டது.

தமிழர் வரலாற்றோடு இவ்வியலுக்கு எதிர்பாராத தொடர்பொன்று உண்டு. மண்ணிலே வெறுங்காலுடன் உழைப்போரின் பாதம் வீங்கி, துளைகள் விழுந்து, மணிமணியாய்ச் சீழ் கசியும் நோயினை 1842இல் மதுரை வைத்தியசாலையிற் பணியாற்றிய கில் என்பார் அறிக்கையிற் பதிந்தார். அதுவே பின்னர் உலகெங்கும் மதுரைக்கால் என வழங்கலாயிற்று. 1860களில் பம்பாயிலிருந்த கென்றி வான்டைக் காட்டர் அது பங்கசினால் வருவதென வாதிட்டு, 1874இல் தனிநூல் எழுதினார். கிறேயின் புகழ்பெற்ற உடலமைப்பியல் நூலுக்குச் சித்திரம் வரைந்தவரும் இவரே. இந்நோயின் ஒரு வகை பங்கசாலும் மற்றொரு வகை பற்றீரியாவாலும் உண்டாவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெரும்பாலும் காலைப் பற்றுவதாயினும், சுமை தூக்குவோர் முதுகிலே முள்ளேறி உண்டாகும்போது இந்நோய் முள்ளென்பையும் அரிப்பதுண்டு. வறிய உழவரின் நோயாதலால் அதன்மீது ஆராய்ச்சி நாட்டம் செல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட அயனமண்டல நோய்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது 2016இலேதான். கில்லின் குறிப்பிலிருந்து கணக்கிடின் 174 ஆண்டுகள்.

இலங்கையிலும் இவ்வியலின் தொடக்கம் முந்தியதே. கொழும்புப் பற்றீரியவியல் நிறுவனத்துக்கு 1903இல் வந்த அல்டோ கஸ்ரலானி, தோலையும் நுரையீரலையும் பற்றும் பங்கசுகளைப் பற்றி இங்கிருந்தே பல ஆய்வுகளைச் செய்தார். இன்று கன்டிடா திரொப்பிக்காலிசு எனப்படும் மதுவப் பங்கசினை 1910இல் விவரித்தவர் அவரே. முள்ளென்பைத் தாக்கும் கன்டிடா வகைகளைக் கூறுமிடத்து மருத்துவநூல்கள் அல்பிக்கன்சையடுத்து இதனையும் எண்ணுவது வழக்கம். அந்நிறுவனத்தின் வழிவந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமே இன்றும் நாட்டின் பங்கசு ஆய்வுக்கு உசாத்துணையாக விளங்குகின்றது. குடியேற்றவாத மருத்துவம் தோட்டத் தொழிலாளரின் உழைப்புத் திறனையே கருத்திற் கொண்டதென்பது உண்மை. எனினும் அது விட்டுச்சென்ற ஆய்வுகூட மரபினை நாம் எள்ளி ஒதுக்குவதற்கில்லை.

இதே வேளையில் யாழ்ப்பாணத்திலே வேறொரு மரபு இருந்தது. 1847இல் வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என நிறுவினார். 1867இல் வெளிவந்த இரணவைத்தியம், 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் ஆகியன அம்முயற்சியின் விளைவுகள். அம்மரபு தொடர்ந்திருப்பின், இன்று பளையிலிருந்து செல்லும் நோயாளி தன் கையிலுள்ள அறிக்கையைத் தானே வாசித்திருப்பார் என்று கூறுவது மிகையாகலாம். ஆயினும் மருத்துவம் யாருடைய மொழியிற் பேசுகிறது என்பது நோயை இனங்காணும் பிரச்சினைக்குப் புறம்பானதன்று. முதுகு வலிக்கு விவசாயி கூறும் சொற்களை மருத்துவர் செவிமடுப்பதிலேயே நோயறிதல் தொடங்குகிறது.

இனி நோயறிதலின் இடர்ப்பாட்டினைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். எமது பகுதியிலே முள்ளென்பு அரிக்கப்பட்ட ஒருவரைக் கண்டதும் மருத்துவர் கருதுவது கசநோயையே. பேர்சிவல் பொற் 1779இல் விவரித்த கூன்விழும் நோய் அது. தென்னாசியாவில் இன்றும் மிகுதியாக உள்ளது. முதுகெலும்புக் கசநோய்க்குச் சத்திரசிகிச்சை வேண்டுமா, மருந்து மட்டும் போதுமா என்ற வினாவைத் தீர்த்த ஆய்வுகளிலே சென்னைக் கசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பங்கு பெரிது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான வேளைகளிற் கசநோய் என்ற அவ்வூகம் சரியானதே. இடர் யாதெனில், பங்கசு நோயும் கசநோயின் வேடத்தையே பூண்டு வருகின்றது. மெதுவாக வளரும் வலி, இரவில் மிகும் வேதனை, உடல் மெலிவு, சில வேளை காய்ச்சலே இன்மை, குருதியில் வெண்கலம் பெரிதாக உயராமை ஆகிய யாவும் இரண்டிற்கும் பொது. வழமையான பற்றீரியா நோய் முள்ளென்பிடைத் தட்டினை விரைந்து அழிக்கும். கசநோய் தொடக்கத்தில் தட்டினை விட்டுவைக்கும். பங்கசும் பலவேளை அங்ஙனமே விட்டுவைக்கும். எனவே படத்தைப் பார்த்து மட்டும் பங்கசெனத் துணிதல் இயலாது. எக்ஸ் கதிர்ப்படத்தில் மாற்றம் தெரியும்போதோ நோய் பல வாரம் முதிர்ந்துவிடுகின்றது. காந்தப் பரிவுப் படம் சீழையும் முண்ணாண் நெருக்கப்படுவதையும் முன்னரே காட்டும்; ஆனால் அதுவும் எந்த உயிரி என்று கூறாது. சுருக்க எழுத்தில் எம்.ஆர்.ஐ. என்னும் பொறிக்கும், அதே மூன்று எழுத்துக்களைக் கொண்ட கொழும்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் நோயாளி ஒருசேரக் கடன்பட்டிருக்கிறார்: ஒன்று இடத்தைக் காட்டும், மற்றொன்று பெயரைக் கூறும்.

பெயரை அறிவதற்கு இழையம் வேண்டும். கணினிக் கதிர்ப்படத்தின் வழிகாட்டலில் ஊசி செலுத்தியோ, சத்திரசிகிச்சையாலோ முள்ளென்பின் துண்டொன்றை எடுத்து, வெள்ளிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினால் பங்கசிழை கறுத்துத் தோன்றும். சாபோறோ ஊடகத்தில் வளர்த்தால் இனம் தெரியும். அஸ்பெர்ஜிலசின் சுவர்ப்பொருளாகிய கலக்ரோமனான், பெரும்பாலான பங்கசுகளுக்குப் பொதுவான பீற்றா குளுக்கான் ஆகியவற்றைக் குருதியிலும் மூளைய முண்ணாண் பாய்பொருளிலும் தேடும் சோதனைகள் பின்னர் வந்தன. இவை யாவும் இருந்தும், கசநோய் மருந்தினை மாதக்கணக்கிற் கொடுத்தும் குணமாகாத பின்னரே பங்கசு நினைவுக்கு வருதல் பல நாடுகளின் அனுபவம். இழப்பு மருத்துவரின் அறியாமையால் மட்டும் விளைவதன்று. அரிதான நோயை ஐயுறுவதற்கு ஓய்வும் ஆய்வுகூடமும் வேண்டும். அவை இரண்டும் சமூகத்திற் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

இந்நோக்கிலேயே கொழும்பு நிகழ்ச்சியின் சிறப்பு விளங்கும். ஐவரும் இளந்தாய்மார், எதிர்ப்பாற்றல் குன்றியோர் அல்லர். பிள்ளை பெற்று நாட்கள் கழிந்தபின் தலையிடியும் காய்ச்சலும் தோன்றின. மென்சவ்வழற்சியில் மருத்துவர் முதலிற் கருதுவது பற்றீரியாவையே, அதுவே முறையும்கூட. அஸ்பெர்ஜிலசோ குருதிக்குழாயின் சுவரைத் துளைத்துச் செல்வது. மூளையின் அடிப்பகுதி நாடிகளைப் பற்றி, அடைப்பையும் குருதிப்பெருக்கையும் உண்டாக்கி உயிரைக் கொள்வது அதன் இயல்பு. அஸ்பெர்ஜிலசு பியூமிகேற்றசு இனங்காணப்பட்டது. பத்மா குணரத்ன, சந்திரிக்கா விஜயரத்ன, செனிவிரத்ன ஆகியோர் 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் கடற்கோளின் பின்விளைவோ என வினவினர். அவர்கள் சுட்டிய காரணம் நோயாளரிடத்தும் இல்லை, சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இல்லை. கடற்கோள் நன்கொடைகளாற் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தமையால், வழமையாகப் பாவிக்கும் ஊசிக்குழாய் முதலியன ஈரலிப்பான தகாத இடத்தில் வைக்கப்பட்டன. அங்குப் பூஞ்சணம் பற்றியது. கடிதத்தின் தலைப்பிலேயே வினாக்குறி இட்டிருப்பது அறிவியலாளருக்குரிய அடக்கம். நாம் வரலாற்று மாணவராதலின் அவ்வினாக்குறியை அழிக்கும் உரிமை எமக்கில்லை; ஆயினும் அது சுட்டும் திசையிற் செல்லும் கடமை உண்டு.

இங்கு ஒரு முரண் உளது. உதவி இன்மையால் மக்கள் மடிவதை நாம் நன்கறிவோம். வன்னிப் பெருநிலம் 1990களில் மருந்துத் தடையின் கீழ் வாழ்ந்தது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி ஓமந்தைக்கு அப்பால் எதுவும் செல்லமுடியாதிருந்த காலமது. 2002இல் திறந்த ஏ-9 பாதை 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டது. அத்தகைய மண்ணில் இருப்போருக்கு, உதவி மிகுதியால் ஒருவர் மடியலாம் என்பது நம்பற்கரியது. ஆனால் அது நிகழ்ந்தது. கொழும்பு மட்டுமன்று: அதே கடற்கோளின் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்திற்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்ததாகவும், அதில் அறுபது வீதம் அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதனவாகவும் எல்லை கடந்த மருந்தாளர் அமைப்பு கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை 1996இலேயே வகுத்திருந்தும் இந்நிலை. கொடுப்போரின் மனநிறைவுக்கும் பெறுவோரின் தேவைக்கும் உள்ள இடைவெளி, களஞ்சியத்தின் தளத்திலே பெட்டிகளாக அடுக்கப்பட்டிருந்தது. தேவையானது பளைக்கு வடகிழக்கே வடமராட்சி கிழக்குக் கரையிலும் முல்லைத்தீவிலும் இருந்தது. பெட்டிகள் தலைநகரில் இருந்தன. இரண்டுக்குமிடையில் உடன்படிக்கை நீதிமன்றத்தில் இருந்தது. இம்மூன்றையும் ஒரே அரசியலின் கூறுகளாகக் காண்பதிற் பிழையில்லை என்பதே எமது கருத்து. எனினும், பொதுக்கட்டமைப்பு நடைமுறைக்கு வந்திருப்பின் இம்மரணங்கள் நேர்ந்திரா என்று வாதிடுதல் வரலாற்று முறையாகாது. நன்கொடைகள் அதற்கு முன்னரே வந்து குவிந்துவிட்டன.

முற்போக்காளராகிய எமது மரபும் ஈண்டு சுயவிமரிசனத்துக்கு உரியது. செனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையும், அதன்வழி எழுந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், வணிகப் பெயர்களை நீக்கி மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்வனவு செய்யும் முறையும் மூன்றாம் உலகிற்கே முன்மாதிரியாயின. 1977இல் பிபிலே கயானாவிலே காலமானார். அவ்வாண்டின் பின் வந்த திறந்த பொருளாதாரம் அக்கொள்கையை மெலிவித்தது. இவற்றை நாம் பலகாலும் எழுதியுள்ளோம். ஆயின் எமது எழுத்துக்கள் மருந்தின் விலையையும் பன்னாட்டுக் கம்பனியின் கொள்ளையையும் பற்றியனவாகவே அமைந்தன. வாங்கிய மருந்து எந்தக் கூரையின் கீழ், எந்த வெப்பத்தில், எவரது பொறுப்பில் கிடக்கிறது என்பது எமது அரசியற் பொருளாதாரத்தினுள் இடம்பெறவில்லை. களஞ்சியக் காப்பாளர் எமது கட்டுரைகளில் ஒருபோதும் தோன்றியதில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டபின்னும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அவசரக் கொள்வனவு, தரம் ஆகியன பற்றிய பழைய வினாக்கள் யாவும் புதிதாக எழுந்தன.

இது வறிய நாட்டின் குறைபாடு மட்டுமே எனக் கருதுவோர்க்கு 2012ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் காட்டலாம். மெசாசூசெற்ஸ் மாநிலத்தின் பிறேமிங்காம் நகரிலிருந்த மருந்துக் கலவை நிலையமொன்று, முதுகு வலிக்கு ஏற்றும் ஸ்ரிறொயிட் மருந்தைப் பூஞ்சணத்தோடு நிரப்பி நாடெங்கும் அனுப்பியது. செப்ரெம்பர் 18இல் ரெனெசி மாநில மருத்துவர் ஒருவர் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்த ஒரேயொரு நோயாளியிலிருந்து அது வெளிப்பட்டது. அந்நோயாளியிற் கண்டதும் அஸ்பெர்ஜிலசே. பின்னர் வந்தோரிற் பெரும்பாலும் கண்டது எக்செரோகைலம் றொஸ்ற்றேற்றம் என்னும், மனிதரில் அரிதாகவே அறியப்பட்டிருந்த புல்வகைப் பங்கசு. ஈற்றில் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர்; 64 பேர் இறந்தனர். முள்ளந்தண்டு நோய் பற்றிய அறிவு மிகுதியாக வளர்ந்தது இந்நிகழ்ச்சியிலேயே. மென்சவ்வழற்சி இல்லாத பலரிலும் ஊசி ஏற்றிய இடத்தில் முள்ளந்தண்டைச் சூழச் சீழ் கட்டியிருந்தது. அவர்கள் ஏற்கெனவே முதுகு வலிக்காரர். ஆதலால் புதிய வலியைப் பழைய வலியென்றே எண்ணியிருந்தனர். அறிகுறி இல்லாதோரையும் அழைத்துக் காந்தப் பரிவுப் படம் எடுத்தபின்னரே பலரது நோய் தெரியவந்தது. ஐவரைக் கொண்ட கொழும்பு அனுபவம் அவ்வேளை அமெரிக்க மருத்துவருக்கு முன்னுதாரணமாயிற்று என்பதையும் நாம் பதிவுசெய்தல் தகும். எங்கள் துயரம் பிறருக்கு நூலறிவாகும் வரலாறு இது ஒன்றே அன்று. 2022இல் மெக்சிக்கோவின் துராங்கோவிலும், 2023இல் மத்தமோறசிலும் முதுகில் மருந்தேற்றப்பட்டோர் பியூசேரியம் சொலானி என்னும் பங்கசுக்கு ஆளாயினர். துராங்கோவில் மாண்டோர் பெரும்பாலும், கொழும்பிற் போலவே, பிள்ளை பெற வந்த பெண்கள்.

சிகிச்சை வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1950இல் எலிசபெத் கேசனும் றேச்சல் பிறவுனும் அறிவித்த நிஸ்ரற்றின் உள்ளுறுப்பு நோய்க்குப் பயன்படவில்லை. வெனிசுவேலாவின் ஒறினோக்கோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து 1950களில் பெற்ற அம்போரெரிசின் பி முதன்முதலாக உயிர்காத்தது. ஆயின் சிறுநீரகத்தை வருத்தியது. 1990களில் வந்த புளூகொனசோல் கன்டிடாவை அடக்கியது, அஸ்பெர்ஜிலசுக்குப் பயனற்றது. 2002இல் வந்த வொறிகொனசோல் மூளைய முண்ணாண் பாய்பொருளினுள் நன்கு புகுவது. கொழும்பிற் பிழைத்தோரின் சிகிச்சையிலும் இடம்பெற்றது இதுவே. கன்டிடா முள்ளென்பு நோய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம்வரை மருந்து வேண்டும் என்பதும், அஸ்பெர்ஜிலசுக்கு எட்டு வாரம் மிகக் குறைந்த எல்லை, நடைமுறையில் ஆறு மாதத்துக்கு மேல் என்பதும் இன்றைய நெறி. கால் விறைத்தல், சிறுநீர் கட்டுப்பாடிழத்தல், முள்ளந்தண்டு நிலைகுலைதல் ஆகியன தோன்றின், சீழையும் அழுகிய என்பையும் சத்திரசிகிச்சையால் அகற்றாது மருந்து மட்டும் போதாது. மருந்தின் குருதி மட்டத்தையும் ஈரலின் நிலையையும் இடையிடையே அளத்தல் வேண்டும். வொறிகொனசோல் உலக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது 2017இலேதான். அதாவது கொழும்புத் தாய்மார் மாண்டு பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர். 2021இல் இந்தியாவிலே கொவிட் நோயின் பின் கறுப்புப் பங்கசு பரவியபோது அம்போரெரிசினுக்காக உறவினர் நகரம் நகரமாக அலைந்தமையும் அண்மை வரலாறே.

பளைக்கு மீள்வோம். இப்பகுதியில் முள்ளந்தண்டு காயமுற்றோர் தொகை, போரின் காரணமாக, பிற மாவட்டங்களோடு ஒப்பிடத்தக்கதன்று. படுக்கையிலேயே வாழ்வோர், நெடுங்காலம் சிறுநீர்க்குழாய் அணிந்தோர், படுக்கைப் புண்ணுக்கு மீண்டும் மீண்டும் நுண்ணுயிர்க்கொல்லி பெற்றோர் ஆகியோரே கன்டிடா குருதியிற் புகும் ஆபத்துக்கு அண்மையில் உள்ளவர். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றவருக்கு முதுகு வலியாகிய முதல் எச்சரிக்கையும் கிட்டாது. காரணமறியாக் காய்ச்சலும், தசை இறுக்கம் திடீரென மிகுதலும் மட்டுமே அவரிடத்து அறிகுறி. நீரிழிவு ஊர்களிலும் பெருகிவரும் இக்காலத்தில், காயமுறாதோரும் இவ்வட்டத்துள் வருகின்றனர்.

ஆதலின் செய்யத்தக்கது யாதென மருத்துவ மாணவரும் தாதியரும் எம்மை வினவுவதுண்டு. நாம் மருத்துவரல்லேம், எனினும் ஆவணங்கள் கற்பிக்கும் இரண்டொரு செய்தியைக் கூறலாம். பெட்டியின் உறை ஈரப்பட்டிருப்பின், கறைபட்டிருப்பின், காலாவதித் திகதி எஞ்சியிருந்தாலும் உள்ளிருக்கும் ஊசி கிருமியற்றதன்று; அதனைத் திருப்பியனுப்பியவரைக் கடிந்துகொள்ளாத மேலதிகாரி வேண்டும். முதுகில் ஊசி பெற்ற ஒருவர் சில வாரத்துள் தலையிடியோடு வந்தால், ஊசி பெற்ற நாளும் மருந்தின் தொகுதி இலக்கமும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் அறியாதோரையும் தேடி அழைக்க முடிந்தது அவ்விலக்கங்கள் ஏட்டில் இருந்தமையாலேயே.

மற்றொன்று இழையத்தைப் பற்றியது. முள்ளென்பின் துண்டு எடுக்கப்பட்டதும் அதனை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் போமலினிலும் மற்றதைத் தூய உப்புநீரிலும் இடுதல் முறை. முழுவதையும் போமலினில் இட்டால் உயிரி செத்துவிடும். பின்னர் எந்நகருக்கு அனுப்பினும் வளராது. உப்புநீர்ப் போத்தலோடு செல்லும் சீட்டிலே "பங்கசு வளர்ப்பு" என்ற இரு சொற்களும் எழுதப்பட வேண்டும். எழுதாவிடின் ஆய்வுகூடம் பற்றீரியாவுக்குரிய சில நாட்கள் மட்டும் காத்திருந்து கிண்ணத்தை அகற்றிவிடும். பங்கசுக்கோ நான்கு வாரம் வேண்டும்.